ஒருவருக்கு ஒரு கிண்ணம்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

அப்பமும் திராட்சரசமும் ஒன்றாக அடைத்து வரும் சிறு கிண்ணத்தை எங்கள் சபையில் எட்டு மாதங்களாகத் திருவிருந்துக்கு, அதாவது இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைவுகூர்ந்து அப்பமும் ரசமும் பெறும் சடங்குக்கு, பயன்படுத்தி வருகிறோம். அதைப் பற்றிய மதிப்புரை இது. பெங்களூரின் தண்டு (கண்டோன்மென்ட்) பகுதியில் இருக்கும் எங்கள் ஆலயத்தில் ஞாயிறு காலை 7 மணிக்குத் தமிழ் ஆராதனையும், அதே கட்டடத்தில் 9 மணிக்கு ஆங்கில ஆராதனையும் நடக்கின்றன. மாதத்தின் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் திருவிருந்து உண்டு. தமிழ் ஆராதனையில் ஏறத்தாழ 230 பேர் அதில் பங்குபெறுவார்கள். கிண்ணத்தைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரையோ விற்ற கடையின் பெயரையோ நான் குறிப்பிடப் போவதில்லை. சந்தையில் கிடைக்கும் இவ்வகைக் கிண்ணங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அமைப்பில் வருகின்றன என்பது ஒரு காரணம். நான் சொல்லவிருக்கும் குறைகளில் பெரும்பகுதி தயாரிப்பாளரைச் சேர்ந்தது அல்ல, வாங்கிய எங்களைச் சேர்ந்தது என்பது மற்றொன்று.

பொருளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலின் மேற்கணு அளவுள்ள பிளாஸ்டிக் கிண்ணம். அதன் வாயில் இரண்டு மெல்லிய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றன. மேலே உள்ளது கண்ணாடி போன்ற தாள். அதைப் பிரித்தால் நாணய அளவில் வெள்ளை அப்பத் துண்டு ஒன்று கிடைக்கும். அதற்குக் கீழே உள்ள அலுமினியத் தாளைப் பிரித்தால் இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவான திராட்சரசம் இருக்கும். பெட்டிக்கு 250 கிண்ணங்கள். எங்களுக்குக் கிண்ணம் ஒன்று 13 ரூபாய்க்குக் கிடைத்தது. ரசம் குறை சொல்லும்படி இல்லை. இனிப்பு சற்றுத் தூக்கலாக, இருமல் மருந்தின் சாயலோடு இருக்கிறது. அப்பத்துக்குச் சுவை என்று ஒன்று இல்லை, ஆனால் ஆலயங்களில் வழக்கமாகக் கொடுக்கும் வட்ட அப்பத்துக்கும் அது கிடையாது என்பதால் அதைக் குறையாக எழுத முடியாது.

நான் 31 ஆண்டுகள் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன். பழக்கதோஷத்தினால், முதல் பெட்டி வந்ததும் அதிலிருந்து 50 கிண்ணங்களை எடுத்து, ஆலய அலுவலக மேசையில் வரிசையாக வைத்துப் பிரித்துப் பார்த்தேன். இரண்டில் அப்பம் நமுத்துப் போயிருந்தது. ஒன்றில் ரசம் கசிந்து அடியில் பிசுபிசுத்துக் கிடந்தது. ஐம்பதுக்கு மூன்று என்பது நூற்றுக்கு ஆறு; எங்கள் தொழிற்சாலையில் அந்த அளவுக்குப் பழுது இருந்தால் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவோம். ஆனால் உண்மையான சிக்கல் கசிவில் இல்லை, அந்த இரண்டு தாள்களின் நுனியில் இருக்கிறது. மேல்தாளின் நுனியும் கீழ்த்தாளின் நுனியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருவதால், நகம் வெட்டிய விரலாலோ மூட்டுவலி உள்ள விரலாலோ அவற்றைத் தனித்தனியே பிடிக்க முடிவதில்லை. பிடித்து இழுத்தால் இரண்டும் சேர்ந்து கிழிந்து ரசம் சட்டென்று தெறிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேலையும் உடுத்தி வருகிறவர்கள் நிறைந்த சபைக்கு இது சிறிய விஷயம் அல்ல.

இந்த எட்டு மாதங்களில் முதன்முதலாக இதைப் பயன்படுத்திய ஞாயிறு என் காதில் இன்னும் நிற்கிறது. ஆயர் அப்பத்துக்குரிய வார்த்தைகளைச் சொல்லி முடித்து, எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வழக்கமாக அந்த நேரத்தில் ஆலயத்தில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்காது. அன்றைக்கு இருநூறுக்கு மேற்பட்ட நகங்கள் ஒரே நேரத்தில் பிளாஸ்டிக்கைச் சுரண்டின. மழைக்காலத்தில் ஓட்டுக்கூரைமேல் எலிகள் ஓடுவது போன்ற ஓசை எழுந்தது. பாடகர் குழுவில் ஒரு சிறுமி சிரித்துவிட்டாள், அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கு முன்வரிசையில் எண்பது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் கிண்ணத்தைக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த, ஊரிலிருந்து வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன இளைஞனிடம் நீட்டினார். "தம்பி, இத கொஞ்சம் பிரிச்சுக் குடுப்பா, எனக்கு எது மேல எது கீழன்னு தெரியல." அவன் பதறிப்போய்க் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, மேல்தாளைப் பிரித்து அப்பத்தை அவருடைய உள்ளங்கையில் வைத்து, பிறகு கீழ்த்தாளைப் பிரித்துக் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் கொடுத்தான். தன்னுடையதைத் திறப்பதற்குள் ஆயர் நன்றி ஜெபத்துக்குப் போய்விட்டார். அவன் கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டான். எட்டு மாதங்களில் அந்தக் கிண்ணத்தைக் கொண்டு நடந்த மிகச் சிறந்த திருவிருந்து அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அது தாள் சரியாகப் பிரியாததால் விளைந்தது; தயாரிப்பாளரின் கணக்கில் அதை வரவு வைக்க முடியாது.

எதற்காக வாங்கினோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த முறை நோய்க்கு அஞ்சி வாங்கவில்லை. 2020 மார்ச்சில் ஆலயங்கள் மூடப்பட்டு ஜூனில் கட்டுப்பாடுகளோடு திறக்கப்பட்ட காலத்தில் இக்கிண்ணங்களை வாங்கினோம், அப்போது வேறு வழி இருக்கவில்லை. நிலைமை சீரானதும் நிறுத்திவிட்டோம். இப்போது மீண்டும் வாங்கியதற்குக் காரணம் கடிகாரம். பீடத்தின் முன் உள்ள மரக்கிராதியில் ஒரு முறைக்குப் 12 பேர் முழங்காலிட முடியும். 230 பேர் வந்து, முழங்காலிட்டு, பெற்றுக்கொண்டு, எழுந்து போக 40 நிமிடங்கள் ஆகும். இந்தக் கிண்ணத்தை வாசலிலேயே கொடுத்துவிட்டால் எல்லாம் ஒன்பது நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. கமிட்டிக் கூட்டத்தில் பொருளாளர் சொன்னது இது: "ஐயா, எட்டே முக்காலுக்கே இங்கிலீஷ் சர்வீஸ் ஆளுங்க வந்து கதவுகிட்ட நிக்கிறாங்க, நாம இன்னும் மூணாவது வரிசையில இருக்கோம், பார்க்கிங்ல வண்டி எடுக்க முடியல." அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நானும் அன்று கையுயர்த்தினேன். ஆகவே கீழே வரும் விமர்சனத்தில் என்மீதான விமர்சனமும் அடங்கும்.

நேரத்தை மிச்சப்படுத்தும் பொருள் என்ற அளவில் இது வாக்களித்ததைச் செய்கிறது. எங்களுக்கு 31 நிமிடங்கள் மிஞ்சின. ஆனால் அந்த 40 நிமிடங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கணக்குப் பார்க்காமல் மிச்சத்தை மட்டும் கணக்குப் பார்த்தோம். ஆராதனை என்றால் பாட்டு, ஜெபம், பிரசங்கம் என்று நாம் எண்ணுகிறோம். பாடல் நேரத்தை மட்டும் ஆராதனை என்று அழைப்பது இப்போது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது, "வொர்ஷிப் முடிஞ்சிருச்சா, மெசேஜ் ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று தாமதமாக வருகிறவர்கள் கேட்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வேதத்தில் இதற்கு வரும் சொற்கள் வாயைவிட உடம்பையே அதிகம் சார்ந்தவை. ஆராதனையைக் குறிக்க எபிரெயத்தில் வரும் 'அவோதா' என்ற சொல்லுக்கு வேலை என்றும் ஊழியம் என்றும் பொருள் உண்டு. அடிமை செய்யும் வேலைக்கும் ஆலயத்தில் செய்யும் பணிக்கும் அதே சொல்தான். கிரேக்கத்தில் வழிபாட்டு முறைமையைக் குறிக்கும் 'லெய்துர்கியா' என்பதை 'மக்களின் வேலை' என்று பிரசங்கங்களில் விளக்குவது உண்டு, அது சற்று இழுத்துச் சொல்வது. பழைய ஏதென்ஸ் நகரத்தில் ஒருவர் ஊருக்காகத் தம் சொந்தச் செலவில் ஒரு போர்க்கப்பலையோ ஒரு விழாவையோ ஏற்று நடத்துவதற்கு அந்தப் பெயர். மக்களுக்காகச் செய்யும் பொதுப்பணி என்பதே அதன் நேர்ப்பொருள். ரோமர் 12:1இல் பவுல், சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதைத்தான் 'புத்தியுள்ள ஆராதனை' என்கிறார். இவை எதிலும் உட்கார்ந்த இடத்தில் தனக்கு வேண்டியதைத் தானே பிரித்து எடுத்துக்கொள்ளும் பொருள் இல்லை.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தர்ஷினி என்னும் சிற்றுண்டிக் கடையைவிட எளிய எடுத்துக்காட்டு கிடையாது. டோக்கன் வாங்கி, மேடையில் தட்டை எடுத்து, நின்றபடியே சாப்பிட்டு, தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் வெளியேறலாம். இட்லி அருமையாக இருக்கும், நான் வாரத்துக்கு இரண்டு நாள் போகிறவன், அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் திருநெல்வேலிப் பக்கத்து ஆலயங்களில் அசனப் பண்டிகையன்று பெரிய அண்டாவில் சோறும் குழம்பும் ஆக்கி, ஊரையே வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறுவார்களே, அந்தப் பந்தியைத் தர்ஷினி என்று யாரும் சொல்லமாட்டார்கள். பந்தியில் உங்கள் இலைக்குச் சோறு வர இன்னொருவர் குனிய வேண்டும். பக்கத்து இலைக்கும் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். திருவிருந்து இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது என்று கேட்டால் சபையில் எவரும் தயங்காமல் பதில் சொல்வார்கள். ஆனாலும் நாங்கள் வாசலில் டோக்கன் போலக் கிண்ணத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சுவிசேஷங்களில் கடைசி இராப்போஜனத்தின்போது இயேசு நான்கு காரியங்களைச் செய்கிறார்: அப்பத்தை எடுக்கிறார், ஸ்தோத்திரம் பண்ணுகிறார், பிட்கிறார், கொடுக்கிறார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27ஆம் நாள் உருவானபின், 1950இல் வெளிவந்த அதன் திருவிருந்து முறைமையும் இந்த வரிசையைத்தான் நடத்திக் காட்டுகிறது. நாங்களும் அதைத்தான் பின்பற்றுகிறோம். அடைத்து வரும் கிண்ணத்தில் முதல் இரண்டும் எப்படியோ நடந்துவிடுகின்றன. பிட்பதற்கு எதுவும் இல்லை. துண்டு தொழிற்சாலையிலேயே வட்டமாக வெட்டப்பட்டுவிட்டது. கொடுப்பதற்கும் இல்லை, பெட்டியிலிருந்து கைக்கு வந்தது ஆராதனை தொடங்குவதற்கு முன்பே, வாசலில், 'குட் மார்னிங் அங்கிள்' என்ற வணக்கத்தோடு வந்துவிட்டது. ஆயர் பீடத்தில் ஒரு பெரிய அப்பத்தைப் பிட்டுக் காட்டுகிறார் என்பது உண்மை, ஆனால் அந்த அப்பம் எங்களுக்கு வருவதில்லை. நாங்கள் பார்ப்பது ஒன்று, உண்பது வேறொன்று.

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தை இந்தக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். அங்கே அவர் கோபித்துக்கொள்வது தவறான உபதேசத்துக்காகவோ பாட்டு சரியில்லை என்பதற்காகவோ அல்ல; ஒவ்வொருவரும் தத்தம் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள், ஒருவர் பசியோடிருக்க மற்றொருவர் குடித்து வெறிக்கிறார், ஆகவே நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனம் அல்ல என்கிறார். பரிகாரமாக அவர் சொல்வது மிகச் சாதாரணமானது: கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். அதற்கு முந்தைய அதிகாரத்தில், அப்பம் ஒன்றே ஆகையால் அநேகரான நாம் ஒரே சரீரம் என்று வாதிடுகிறார். அந்த வாதம் நிற்பது அப்பம் உண்மையிலேயே ஒன்றாக இருப்பதன் மேல். கிராதியின் முன் அந்த 40 நிமிடங்களில் நாங்கள் செய்துகொண்டிருந்தது பெரும்பாலும் காத்திருத்தல்தான் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. யார் கைத்தடியோடு வருகிறார், யார் இந்த மாதம் வரவில்லை, கோபித்துக்கொண்டு ஆறு மாதமாகப் பேசாத அண்ணன் தம்பி ஒரே வரிசையில் முழங்காலிட நேர்ந்துவிட்டதா என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு, கீர்த்தனையை மூன்றாம் முறையாகப் பாடிக்கொண்டு காத்திருந்தோம்.

தனிக் கிண்ணத்துக்கு வரலாறு இல்லாமல் இல்லை. கிருமிகளைப் பற்றிய அறிவு பரவிய 1890களில் அமெரிக்கச் சபைகள் பல, ஒரே பாத்திரத்தில் எல்லாரும் வாய்வைத்துக் குடிப்பதை விட்டுச் சிறு கண்ணாடிக் கிண்ணங்களுக்கு மாறின. அதற்கு முன்னரே, 1869இல், நியூஜெர்சியில் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர், மது விலக்கு நோக்கத்தோடு, திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காக்கும் முறையைத் திருவிருந்துக்காகவே செய்து பார்த்தார். லூயி பாஸ்டரின் முறையைத் திராட்சைக்குப் பொருத்தினார் என்று சொல்லலாம். அவர் பயன்படுத்திய கான்கார்டு திராட்சையும், தேவனஹள்ளி, சிக்கபள்ளாபுரம் பக்கத்திலிருந்து நமக்கு வரும் 'பெங்களூர் ப்ளூ' திராட்சையும் ஒரே இனத்தின் உறவினர்கள். இரண்டுக்கும் அதே கருநீலத் தோல், அதே கஸ்தூரி மணம்.

இந்தத் திராட்சையைப் பற்றி எழுதாவிட்டால் மதிப்புரை முழுமை பெறாது, ஏனெனில் கடைக்கிண்ணத்துக்காக நாங்கள் கைவிட்டது இதைத்தான். லிங்கராஜபுரத்தில் இருக்கும் ஓர் அக்கா இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சபைக்கு ரசம் காய்ச்சிக் கொடுத்து வந்தார். வெள்ளிக்கிழமை ரஸல் மார்க்கெட்டில் மூன்று கிலோ வாங்கி வந்து, காம்பைக் கிள்ளி, மூன்று தண்ணீரில் கழுவி, தோல் வெடிக்கும்வரை வேகவைத்து, மத்தால் மசித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுவார். பிழியமாட்டார், துணியைக் குழாயில் கட்டித் தொங்கவிட்டு இரவு முழுவதும் தானாக வடியவிடுவார். ஒருமுறை நான் அவசரப்பட்டுப் பிழியப் போனபோது, "விடுங்க அண்ணே, பிழிஞ்சா கலங்கிடும், அதுவா இறங்கட்டும், நமக்கென்ன இப்ப ராத்திரிக்கு வேற வேலை?" என்றார். சனிக்கிழமை காலை சீனி சேர்த்து மீண்டும் ஒரு கொதி, அவ்வளவுதான். மொத்தச் செலவு 500 ரூபாயைத் தாண்டியதில்லை. கடைக்கிண்ணத்துக்கு ஒரு ஞாயிறுக்கு 2,990 ரூபாய். ஆனால் பணத்தைவிட, அவர் வீட்டில் அந்த இரண்டு நாள் அடித்த மணமும், "இந்த வாரம் நம்ம வீட்டு ரசம்" என்று அவர் பேரன் கிராதியின் முன் மெதுவாகச் சொன்னதும் எங்கள் ஆராதனையிலிருந்து கழிந்துபோயின. வேலை என்ற பொருளில் ஆராதனையைச் செய்துகொண்டிருந்தவரை, நேரம் மிச்சம் என்று சொல்லி, பார்வையாளர் இடத்துக்கு அனுப்பிவிட்டோம். அவர் எதுவும் சொல்லவில்லை. வடிகட்டும் துணியைத் துவைத்து மடித்து ஆலய அலுவலகத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

கிருமி பற்றிய கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. பொதுப் பாத்திரத்தால் தொற்று பரவியதாக ஆவணப்படுத்தப்பட்ட நிகழ்வு எதுவும் இல்லை என்றும், ஆபத்து கண்டறிய முடியாத அளவுக்குக் குறைவு என்றும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்தவர்கள் 1998இல் எழுதினார்கள். அது கொரோனாவுக்கு முந்தைய கருத்து. நோய்த்தடுப்பாற்றல் குறைந்தவர்களைக் கட்டாயப்படுத்துவது அன்பும் ஆகாது. அப்பத்தை ரசத்தில் தோய்த்துக் கொடுக்கும் முறையும், ஒரு குடுவையிலிருந்து ஊற்றிய சிறு கண்ணாடிக் கிண்ணங்களைத் தட்டில் ஏந்திக் கொடுக்கும் முறையும் நம் சபைகளில் நெடுங்காலமாக இருக்கின்றன. கண்ணாடிக் கிண்ணமும் தனிக்கிண்ணம்தானே என்று கேட்டால், ஆம், என் வாதத்தில் அது ஒரு விரிசல்தான். ஆனால் அங்கே ஒரே குடுவையிலிருந்து ஊற்றுவதைக் கண்ணால் காண்கிறோம், ஒரு கை நீட்டிக் கொடுக்கிறது, கழுவி வைக்க யாரோ தங்குகிறார்கள்.

இந்தக் கிண்ணத்தை நான் ஏன் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன் என்பதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. என் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்கு வந்தவர். அவருடைய ஊர்க் கடையில் அவருக்கும் அவர் வீட்டாருக்கும் டீ ஊற்றியது கொட்டாங்குச்சியில். சுரங்கக் குடியிருப்பின் ஆலயத்தில் முதன்முதலாகத் திருவிருந்துக்கு முழங்காலிட்டபோது, தனக்கு முன்னால் இருந்தவர் வாய்வைத்த பாத்திரத்தின் விளிம்பு தன் வாய்க்கும் வந்தது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். திருவிருந்து ஞாயிறுகளில் அவர் காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் மாரிக்குப்பத்திலிருந்து நடந்தே போவாராம். தனிக்குவளை என்ற சொல் தமிழ்க் காதில் விழும்போது அது சுகாதாரச் சொல்லாக மட்டும் விழுவதில்லை என்பதை நம் சபையார் மறந்துவிட்டார்களோ என்று தோன்றுகிறது.

சபைக்குள் எல்லாம் சுத்தமாக இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. தமிழ்ச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காருவதும், திருவிருந்துக்கு முன்பின் வரிசை பார்ப்பதும் இருந்ததனால்தான் 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், அவற்றையெல்லாம் உடனே கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதற்காகவே தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபையைவிட்டு வெளியேறியவர்கள் உண்டு. கல்லறைத் தோட்டத்தில் பிரிவினை இன்றும் சில ஊர்களில் இருக்கிறது. பாத்திரத்துக்காகச் சண்டையிட்டவர்கள் நாம் மட்டும் அல்ல. 1415இல் கத்தோலிக்கத் திருச்சபையின் கான்ஸ்டன்ஸ் சங்கம் சாதாரண மக்களுக்கு ரசம் கொடுப்பதை விலக்கியது. பொஹீமியச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் அதே ஊரில் எரிக்கப்பட்டதும் அந்த ஆண்டில்தான். அவருடைய வழியினர் பாத்திரத்தையே தங்கள் கொடிச்சின்னமாக வைத்துக்கொண்டார்கள்.

இதை நான் கமிட்டியில் சொன்னபோது, இளைஞர் பிரதிநிதி ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. "அங்கிள், இதுல எல்லாருக்கும் ஒரே மாதிரி கிண்ணம்தானே வருது, யாருக்கும் பெருசு சின்னது இல்ல, முன்ன பின்ன இல்ல. அப்ப இதுதானே இன்னும் சமம்?" பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஒரே மாதிரியான கிண்ணம் வேறு, ஒரே கிண்ணம் வேறு என்றேன். முன்னது தொழிற்சாலையில் நடக்கிற சமத்துவம். அதற்கு நான் உங்களைத் தொட வேண்டியதில்லை, நீங்கள் யார் என்று தெரிய வேண்டியதும் இல்லை. தாத்தாவுக்கு ஊரில் கொட்டாங்குச்சியும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது, அவர் வீட்டார் எல்லாருக்கும். அந்த இளைஞர் மறுத்துப் பேசவில்லை, ஒப்புக்கொண்டதாகவும் தெரியவில்லை.

நடைமுறைச் சிக்கல்கள் இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பீடத்தில் அர்ப்பணிக்கப்பட்டு மீந்துபோன அப்பத்தையும் ரசத்தையும் அங்கேயே பயபக்தியோடு உட்கொண்டுவிட வேண்டும் என்று 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்க ஜெபப் புத்தகம் விதிக்கிறது, எங்கள் ஆயரும் அதைக் கடைப்பிடிப்பவர். பிரிக்கப்படாமல் திரும்பி வரும் இருபது கிண்ணங்கள் அர்ப்பணிக்கப்பட்டவையா, சரக்கா? பெட்டிக்குத் திரும்பப் போகலாமா? ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை என்னைப் பார்த்தார், நான் ஆயரைப் பார்த்தேன், ஆயர் முதல் மாதம் முழுவதும் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தாமே குடித்தார், சர்க்கரை நோயாளி அவர். மற்றது குப்பை. 230 பிளாஸ்டிக் கிண்ணங்கள், 460 தாள்கள், அடியில் ஒட்டிய ரசத்துக்கு மொய்க்கும் எறும்புகள். கழுவாமல் உலர்குப்பையில் போட்டால் குப்பை வண்டிக்காரர் எடுக்க மறுக்கிறார். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கோப்பைகளுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை உண்டு. பொருள் அடைத்து வரும் டப்பா வேறு விதியின்கீழ் வரும் என்று விற்றவர் விளக்கினார். எறும்புக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை.

இனி, இந்தக் கிண்ணம் உண்மையிலேயே நன்றாக உழைத்த இடம். என் அக்காவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ்; குடிக்கும் தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்கிறோம், தொற்றுக்கும் அஞ்ச வேண்டியிருக்கிறது. ஆயர் ஒரு ஞாயிறு பிற்பகல் சட்டைப்பையில் இரண்டு கிண்ணங்களோடு வந்தார். அளவு கச்சிதம், சுத்தம் பற்றிய கவலை இல்லை, வழியில் கொட்டவில்லை, குளிர்பெட்டி தேவையில்லை. ஒன்றைப் பிரித்து அக்காவின் வாயருகே கொடுத்தார், மற்றதைத் தாம் எடுத்துக்கொண்டார். முடிந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "இன்னிக்கு யார் யாரெல்லாம் வந்திருந்தாங்க?" ஆயர் ஒவ்வொரு வரிசையாக நினைவுபடுத்திச் சொன்னார், அதற்கு ஜெபத்தைவிட அதிக நேரம் ஆனது. வரமுடியாதவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது புதிய வழக்கம் அல்ல, கி.பி. 150ஐ ஒட்டி ரோமில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், ஞாயிறு கூடுகையை விவரிக்கும்போது, வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் பங்கை எடுத்துச் செல்வதை எழுதியிருக்கிறார். அங்கேயும் பங்கு போனது பொதுமேசையிலிருந்து. ஆகவே வீட்டுக்குக் கொண்டுபோகும் கிண்ணங்களைக் கடைப் பெட்டியிலிருந்து நேராக எடுக்காமல், அன்றைய ஆராதனையில் பீடத்தின்மேல் வைத்து, அன்றே எடுத்துப் போக வேண்டும் என்று ஆயரிடம் கேட்டுக்கொண்டேன். இப்போது அப்படித்தான் செய்கிறார்.

வாங்கலாமா என்று கேட்கும் சபைகளுக்கு என் பரிந்துரை இது. படுக்கையில் இருப்பவர்கள், மருத்துவமனையில் இருப்பவர்கள், தொற்றுக்கு அஞ்சவேண்டியவர்கள் ஆகியோருக்காகப் பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள். அந்த வேலைக்கு ஐந்தில் நான்கரை மதிப்பெண் கொடுப்பேன், அரை மதிப்பெண் தாளின் நுனிக்காகக் குறைத்தது. வாங்கும்போது காலாவதி நாள் குறைந்தது ஆறு மாதம் தள்ளி இருக்கிறதா என்றும், இரண்டு தாள்களின் நுனிகளும் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அப்படிப்பட்டவையும் கிடைக்கின்றன, ஒரு ரூபாய் கூடுதல். ஞாயிற்றுக்கிழமை முழுச்சபைக்கும் என்றால் ஒன்றரை மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்க முடியாது. அதுவும் அந்தப் பாட்டிக்கும் இளைஞனுக்கும் இடையில் நடந்ததை எண்ணித்தான்.

எங்கள் கமிட்டி அடுத்த மாதம் முதல் ஆராதனையைக் காலை 6:30 மணிக்குத் தொடங்குவது என்று முடிவு செய்திருக்கிறது. பொருளாளரும் ஒப்புக்கொண்டார், அரைத்தூக்கத்தில் வருவோம் என்று முணுமுணுத்துக்கொண்டே. கிராதிக்கு மீண்டும் போகிறோம். சிறு கண்ணாடிக் கிண்ணங்களை அலமாரியிலிருந்து எடுத்து எண்ணிப் பார்த்தோம். 240இல் 19 உடைந்திருக்கின்றன. அடைத்த கிண்ணம் இன்னும் 110 இருக்கிறது, வீட்டுச் சந்திப்புகளுக்கு வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் மடித்து வைத்திருந்த வடிகட்டும் துணியை லிங்கராஜபுரத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு, "எட்டு மாசம் மடிப்புலயே கிடந்து இத்துப்போச்சே அண்ணே, புதுசா ரெண்டு கஜம் காடா வாங்கிட்டு வாங்க, அப்படியே திராட்சை விலையும் கேட்டுட்டு வந்துருங்க" என்றார்.